லாபம், ரெண்டு, மூணு: அப்பாயியின் பேச்சை எழுதிப் பார்த்த அனுபவம்

நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேலை. அப்பாயியும் (என் அப்பாவின் அம்மா) என் மகனும் பேசிக்கொள்வதைப் பதிவுசெய்து, சின்னச் சின்னக் கவிதையாக எழுதிப் பார்க்கிறேன். அப்பாயிக்கு 86 வயது, மகனுக்கு 9. இதுவரை எழுதியது பதினொன்று. தேறியது மூன்று.

முதல் தடவை போனை எதிரே வைத்து, "அந்தக் காலத்துக் கதை சொல்லு அப்பாயி" என்று கேட்டேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ரேடியோவில் பேசுகிற மாதிரி, "நாங்கள்லாம் ரொம்பக் கஷ்டப்பட்டோம்" என்று தொடங்கினார். 40 நிமிடப் பேச்சில் எடுத்துக்கொள்ள ஒரு வரி இல்லை.

அடுத்த வாரம் கேள்வியே கேட்கவில்லை. பதிவாகிறது என்று சொல்லிவிட்டுப் போனை அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் வைத்தேன். மூன்று பேரும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பேச்சு வந்துவிட்டது.

"நான் வாக்கப்பட்டு வந்தது நயா பைசா வந்த வருஷம்" என்றார். அப்படியென்றால் 1957. அந்த ஏப்ரலுக்கு முன்பு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. பிறகு 100 நயா பைசா. முந்தானையில் முடிந்துகொண்டு வந்த நாலணாவைக் கடைக்காரர் 25 பைசா என்றதும் தன்னை ஏமாற்றுகிறார் என்று நினைத்தாராம். மகன் கேட்டான்: "25 பைசான்னா என்ன?" 2011இலேயே அந்தக் காசைச் செல்லாது என்று நிறுத்திவிட்டார்கள். அவன் அதைப் பார்த்ததே இல்லை. இதைக் கவிதையாக்க மூன்று தடவை முயன்றேன். மூன்றிலும் காசை விளக்கவே பாதி வரிகள் போய்விட்டன. இப்போதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் பள்ளியில் படித்த குறுந்தொகைப் பாட்டு நினைவுக்கு வந்தது, 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் எழுதியது. மகள் புதுக்குடித்தனம் நடத்துவதைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் பெற்ற தாயிடம் சொல்கிறாள்: தயிர் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டாள், தாளிப்புப் புகை கண்ணில் ஏறியது, புருஷன் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டதும் அவள் முகம் லேசாக மலர்ந்தது. கவிஞர் எங்கேயும் தலைகாட்டவில்லை. யார் யாருக்குச் சொன்னது என்று மேலே ஒரு குறிப்பு மட்டும். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். கூற்று யாருடையது என்று ஒரு வரி, அதற்குக் கீழே எட்டு அடிக்கு மிகாமல் அவர் பேச்சு. என் விளக்கம் வேண்டாம்.

தை மாதம் ஊருக்குப் போனபோது பரணிலிருந்து பழைய இரும்புப் படியை இறக்கினோம். அரிசி அளக்க மகனுக்கு ஆசை. "ஒண்ணு" என்று ஆரம்பித்தவனின் கையைப் பிடித்துக்கொண்டார் அப்பாயி. முதல் படிக்கு லாபம் என்றுதான் சொல்ல வேண்டும், எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் எண்ணுவார்கள். படியின் விளிம்புக்கு மேல் குவிந்ததை வழித்துவிடுவதைத் தலையைத் தட்டுவது என்பார்கள். அன்றைக்கு அவர் சொன்னதிலிருந்து வந்தது இது:

*அப்பாயி கொள்ளுப்பேரனுக்குச் சொன்னது*

லாபம்னு சொல்லுடா, ஒண்ணுன்னு சொல்லாதே.
ரெண்டு.
தலையைத் தட்டாதே, அது கூலிக்கு அளக்கிற அளவு.
நம்ம வீட்டுக்குக் குவிச்சு அள.
மூணு. நாலு.
உங்க தாத்தா களத்துல நிப்பாரு, துண்டை விரிச்சுக்கிட்டு...
எத்தனை சொன்னேன்?
திரும்பக் கொட்டு. லாபம்.

முதலில் எழுதியபோது நான்காவது அடிக்குப் பிறகு "பசித்த வயிறு அறியும் தட்டிய தலை" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர் அந்த இடத்தில் திறந்தார். "பசின்னு நான் சொன்னேனா?"

"இல்ல அப்பாயி."

"அப்புறம் ஏன் எழுதினே? எங்க வீட்டுல கஞ்சி இருந்துச்சு. தலையைத் தட்டினதுதான் கோவம்."

அந்த வரியை அடித்துவிட்டேன். நான் அவருக்குப் பசியைக் கொடுத்தேன், அவரிடம் இருந்தது ரோஷம். எவ்வளவு பெரிய தப்பு. அன்றிலிருந்து படித்துக் காட்டாமல் எதையும் முடிப்பதில்லை. எழுதிவைத்திருந்த மற்ற கவிதைகளிலும் நானாகச் சேர்த்த சொற்களைச் சிவப்பு மையில் கோடிட்டேன். தேறிய மூன்றும் அதில் தப்பியவைதான்.

ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு எழுத எனக்கு நாலைந்து மணி நேரம் ஆகிறது. பேச்சை எழுத்தாக்கும் செயலியையும் முயன்றேன், அவர் வட்டார உச்சரிப்பு அதற்குப் பிடிபடவில்லை. சரி, கையால் எழுதுவதே மேல். அவர் எங்கே நிறுத்துகிறார் என்பது அப்போதுதான் காதில் விழுகிறது. அடியை முறிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் பழைய பதிவுகளை மறுபடி கேட்டேன். எல்லாவற்றிலும் பின்னால் பாத்திரச் சத்தம் இருக்கிறது. அது அம்மா. நாங்கள் மூன்று பேரும் கீரை உருவியபோது சமைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். நான்கு மாதத்தில் நான் அவரைப் பேசச் சொல்லவே இல்லை. ஒரே ஓர் இடத்தில் குரல் கேட்கிறது: "அத்தை, உப்பு பாருங்க."

நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, மேலே "மருமகள் மாமியாருக்குச் சொன்னது" என்று எழுதி, அந்த ஒரு வரியை மட்டும் கீழே இறக்கி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அடுப்பு என் பொறுப்பு. முறத்துக்கு முன்னால் அம்மா உட்காரப்போகிறார்.