முதல் தூறல்தான் அதிகம் வழுக்கும்

இன்று மாலை தூறல் விழ ஆரம்பித்த பத்தாவது நிமிடம், எனக்கு முன்னால் போன பைக் வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் பிடித்தது. பின்சக்கரம் அப்படியே பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. நல்லவேளை, அந்தப் பையன் காலை ஊன்றிச் சமாளித்துவிட்டான். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

பல நாளாகச் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் தூறலில் குழைந்து, டயருக்கு அடியில் வழவழப்பான படலமாகிவிடும். நன்றாகக் கொட்டிக் கழுவிய பிறகுதான் பிடிமானம் கொஞ்சம் திரும்பும். பெயிண்ட் கோடு, சாலையிலுள்ள சாக்கடை இரும்பு மூடி இரண்டின் மேலும் ஈரத்தில் பிரேக் பிடிக்காதீர்கள், தயவுசெய்து.

ஈரத்தில் வண்டி நிற்க இரண்டு மடங்கு தூரமாவது ஆகும். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணுங்கள். நீங்கள் அதே கம்பத்தை எட்ட 4 விநாடியாவது ஆக வேண்டும்.

தேங்கிய தண்ணீரில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டால், டயர் தண்ணீர் மேல் மிதக்கிறது என்று அர்த்தம். அப்போது பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள்.

ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு, உள்ள காரில் அவசரமாக நிறுத்தும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். அது வேலை செய்யும் அதிர்வுதான், அழுத்தியபடியே இருங்கள். ஏபிஎஸ் இல்லையென்றால், சக்கரம் சுழலாமல் வழுக்கும் நொடியில் சற்று விட்டு மறுபடி மிதிக்க வேண்டும்.

அப்புறம் கார் டயர். அதன் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்ன மேடுகள் இருக்கும். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் நாளைக்கே மாற்றிவிடுங்கள்.