சிவப்பு மூடி

இன்சுலின் சிரிஞ்சில் இரண்டு வகை உண்டு. சிவப்பு மூடி போட்டது, ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் இன்சுலினுக்கு. ஆரஞ்சு மூடி போட்டது, 100 யூனிட் இருப்பதற்கு. நம் ஊரில் இரண்டு பலத்திலும் மருந்து கிடைக்கிறது. 100 பலம் உள்ளதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உடம்புக்குள் போய்விடும். படிக்கும்போதே இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பரீட்சையிலும் சரியாகத்தான் எழுதினேன்.

அப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. தொடர்ந்து ஆறாவது நைட் டியூட்டி. வார்டில் 14 நோயாளிகள், நான் ஒருத்தி. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவுக்கு இரவு பத்து மணிக்கு 16 யூனிட் கிளார்ஜின் என்ற இன்சுலினைப் போட வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில், 100 பலம். ட்ரேயில் கைக்குக் கிடைத்த சிரிஞ்சை எடுத்து 16-ஆம் கோடு வரை இழுத்தேன். போனது 40 யூனிட்.

மூன்று மணிக்கு அவருடைய மகள் ஓடிவந்தார். "சிஸ்டர், அம்மாவுக்கு ஜாக்கெட்டெல்லாம் வேர்வையில நனைஞ்சுபோச்சு. கூப்பிட்டா என்னமோ உளறுறாங்க." குளுக்கோமீட்டரில் 46. டியூட்டி டாக்டர் வந்ததும் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைக் கரைசல், 100 மில்லி ஏற்றினோம். சற்று நேரத்தில் கண்ணைத் திறந்து மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஏன் இப்படி இறங்கியது என்று டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, கிட்னி ட்ரேயில் கிடந்த சிவப்பு மூடி என் கண்ணில் பட்டது. நானே சொன்னேன்.

கிளார்ஜின் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வேலை செய்யும் மருந்து. அதனால் டிரிப்பை ஓடவிட்டு, மணிக்கொரு தடவை விரலில் குத்திப் பார்க்க வேண்டியிருந்தது. நடந்ததை மகளிடம் சொன்னோம். அவர் சத்தம் போட்டதில் நியாயம் இருந்தது. அந்த அம்மாவுக்கும் தெரியும். ஆறு மணிக்கு நான் மறுபடி ஊசியோடு போனபோது, "அந்த விரல் வலிக்குதும்மா, இதுல குத்திக்கோ" என்று மோதிர விரலை நீட்டினார். அந்த விரலைப் பிடித்தபோது என் கை நடுங்கியது.

காலை ஹேண்டோவர் முடிந்ததும் மேட்ரன் அறைக்குத்தான் போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன். இன்சார்ஜ் சிஸ்டர் என்னை உடை மாற்றும் அறைக்கு அழைத்துப்போய், தன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தார். "கடைசியா எப்ப சாப்பிட்டே? பாத்ரூம் எப்ப போனே?" யோசித்துத்தான் பதில் சொல்ல முடிந்தது. இட்லியைப் பிட்டுக்கொண்டே தன் கதையைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே பெயருள்ள இரண்டு நோயாளிகளில் ஒருவரின் ஊசியை மற்றவருக்குப் போட்டிருக்கிறார். "அன்னைக்கு என்னை யாரும் உட்காருன்னு சொல்லல."

பிறகு பக்கத்தில் இருந்தபடியே இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுத வைத்தார். "கவனக்குறைவுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடாதே. ட்ரே எப்படி இருந்துச்சுன்னு எழுது." இரண்டு வகை சிரிஞ்சும் ஒரே ட்ரேயில் கலந்து கிடந்ததை எழுதினேன். அந்த வாரமே இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைத்தார்கள்.

ஆனாலும் இரண்டு மாதம் தூக்கம் இல்லை. பகலில் படுத்தால் சிவப்பு மூடி கண்ணுக்குள் வரும். போட்டு முடித்த மருந்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். சாப்பிடாமல் சர்க்கரை நோய் மாத்திரை போட்டு மயங்கி வருகிறவரை நான் திட்டியதே இல்லை. முதலில் சர்க்கரை, பிறகுதான் கேள்வி. என்னிடம் மட்டும் கேள்வியை முதலில் வைத்து, சர்க்கரையைக் கொடுக்காமலே இருந்தேன்.

அமெரிக்க டாக்டர் ஆல்பர்ட் வூ 2000-இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றைப் பின்னால்தான் படித்தேன். அவர் பயிற்சி டாக்டராக இருந்தபோது, கூட இருந்த ஒருவர் இசிஜியில் தெரிந்த ஆபத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். சக டாக்டர்கள் கூடிப் பேசி, அவரைத் திறமையற்றவர் என்று தீர்ப்பெழுதிவிட்டார்கள். அந்த இடத்தில் இருந்திருந்தால் தானும் அதே தவறைச் செய்திருப்போமோ என்று வூ மனதுக்குள் கேட்டுக்கொண்டார். முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளி. தவறு செய்தவர் இரண்டாவதாகப் பாதிக்கப்படுபவர் என்று எழுதினார். இந்த வரிசை எனக்கு முக்கியம். அந்த அம்மாதான் முதலில். ஆனால் இரண்டாவதாக ஒருத்தி இருக்கிறாள் என்று யாராவது சொன்னால்தான் அவளால் மறுநாள் மருந்து ட்ரேயைத் தொட முடியும்.

என்னை நானே கவனித்துக்கொள்வது என்றால், எங்கள் வேலையில் அது மிகச் சாதாரண விஷயங்கள்தான். பாத்ரூம் போக நேரமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருப்போம். சிறுநீர்த் தொற்று வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு டியூட்டிக்கு வருவோம். நான் அதை நிறுத்தினேன். தொடர்ந்து ஆறு நைட் பார்க்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். சொல்ல நடுக்கமாகத்தான் இருந்தது. ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மாதம் ஒரு தியான வகுப்பு வைத்துவிட்டு, 14 பேருக்கு ஒரு நர்ஸ் என்ற கணக்கை அப்படியே வைத்திருப்பது எங்களைக் கவனிப்பது ஆகாது.

இப்போது வேறு மருத்துவமனையில் நானே இன்சார்ஜ். எனக்கு நைட் வரும் நாட்களில், இரண்டு மணி ரவுண்டில் புதிதாகச் சேர்ந்த பெண் பைலை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பாள். "பைல் அப்புறம் பார்க்கலாம். பாத்ரூம் போயிட்டு, தண்ணி குடிச்சிட்டு, பத்து நிமிஷம் காலை நீட்டி உட்கார்ந்துட்டு வா." தயங்குவாள். சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு அவள் நாற்காலியில் நான் உட்காருவேன்.