".22" என்று மட்டும் எழுதினால் ஃபைல் திரும்பி வரும்: ரிம்ஃபயர் ரைஃபிளுக்குக் காலிபர் தேர்ந்தெடுத்த அனுபவம்

லைசென்ஸில் காலிபர் (குண்டின் பருமன், தோட்டா ரகம்) என்ற இடத்தில் ".22 எல்.ஆர்." (லாங் ரைஃபிள்) என்று கடைசியில் சரியாக ஏறிவிட்டது. நிம்மதிதான். ஆனால் அந்த ஒரு வரி ஏறுவதற்குள் பட்ட அலைச்சலை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. போல்ட் ஆக்‌ஷன் ரிம்ஃபயர் ரைஃபிள் (ஊசி தோட்டாவின் விளிம்பில் அடித்துச் சுடும் ரகம்) வாங்கப் போகிற இன்னொருவர் இப்படி அல்லாடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். பாதுகாப்புப் பயிற்சி, மருத்துவச் சான்று, வீட்டில் இரும்புப் பெட்டியைப் பார்வையிட்டது எல்லாம் ஒரு குறையுமில்லாமல் முடிந்தன. வம்பு முழுக்கக் காலிபரில்தான்.

முதலில் கடை. என் தேவை எளியது. தாளில் சுட வேண்டும். பெரும்பாலும் 50 மீட்டர், அவ்வப்போது 100. வேட்டை கிடையாது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் ஒரு .17 எச்.எம்.ஆர். (ஹார்னடி மேக்னம் ரிம்ஃபயர்) ரைஃபிளை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். "தம்பி, இருபத்திரண்டெல்லாம் தாத்தா காலத்துச் சரக்கு. இது நொடிக்கு 2,550 அடி போகும். ஒரு தடவை சுட்டுட்டா அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டீங்க."

அவர் சொன்ன எண்ணில் பொய் இல்லை. .22 எல்.ஆர். 1887இல் பிறந்தது. .17 எச்.எம்.ஆரை ஹார்னடி என்ற தோட்டா நிறுவனம் 2002இல் கொண்டுவந்தது. 1959இல் வின்செஸ்டர் அறிமுகப்படுத்திய .22 மேக்னத்தின் கூட்டை எடுத்துக் கழுத்தைச் சுருக்கி, அதில் 17 கிரெய்ன் குண்டை வைத்தார்கள். ஒரு கிராமைச் சற்றே தாண்டும் எடை. .22 எல்.ஆரின் வழக்கமான குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். குண்டு இலேசு, பின்னால் இருப்பது மேக்னம் கூடு நிறைய மருந்து. வேகம் எகிறத்தான் செய்யும். பாதையும் தட்டையாக இருக்கும். திறந்தவெளியில், பயிரை அழிக்கும் சிறு விலங்குகளை 120, 150 மீட்டரில் சுட அனுமதி உள்ளவர்களுக்கு அது அருமையான தோட்டா. தோட்டா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கே சுடப் போகிறீர்கள் என்று கடைசிவரை கேட்கவே கேட்காத கடைக்காரர் மேல்தான் வருத்தம்.

வாங்குவதற்கு முன் சுட்டுப் பார்த்துவிடலாம் என்று, .17 எச்.எம்.ஆரும் .22 எல்.ஆரும் சொந்தமாக வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். அவர் துப்பாக்கி, அவர் லைசென்ஸ், அவரும் கூடவே வருவதாக ஏற்பாடு. ரேஞ்சுக்கு முன்கூட்டியே ஃபோன் செய்தேன். "ரிம்ஃபயர் எல்லாம் சுடலாம் சார், வாங்க" என்றார்கள். போனோம். வாசலில் ரேஞ்ச் ஆபீசர் தோட்டா டப்பாவை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். "சார், இது மேக்னம் கூடு. குண்டுல செப்பு உறை இருக்கு. இங்க ஈயக் குண்டு மட்டும்தான்."

ஃபோனில் யாரும் இதைச் சொல்லவில்லை. அறிவிப்புப் பலகையிலும் இல்லை. அரை நாள் பயணம் செய்து வந்தவனுக்கு எப்படி இருக்கும்? ஆனால் அந்த ஆபீசர் நிதானமாக உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். அங்கே குண்டைத் தாங்கும் இரும்புத் தகடு, மிருதுவான ஈயக் குண்டு வந்து நசுங்கி விழுவதற்காகவே போடப்பட்டது. .22 எல்.ஆர். குழலை விட்டுக் கிளம்பும்போது குண்டின் ஆற்றல் 140 முதல் 190 ஜூல் வரை இருக்கும்; .17 எச்.எம்.ஆர். 330 ஜூலைத் தாண்டும்; .22 மேக்னம் 440க்குப் பக்கம். வேகமாக வரும் உறை போட்ட குண்டு தகட்டில் குழி விழ வைக்கும். குழி விழுந்த தகட்டில் அடுத்த குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. காரணம் நியாயமானது. சொல்லாமல் விட்டதுதான் அநியாயம்.

ஆகவே ரேஞ்சில் "ரிம்ஃபயர் சுடலாமா?" என்று கேட்காதீர்கள். தோட்டாவின் முழுப் பெயரைச் சொல்லி, மேக்னத்துக்கு அனுமதி உண்டா, உறை போட்ட குண்டுக்கு உண்டா, அதிகபட்ச ஜூல் வரம்பு என்ன என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ரேஞ்ச் எதை அனுமதிக்கிறதோ, அதற்குள்தான் உங்கள் தேர்வு. போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள் போட்டி .22 எல்.ஆருக்கானது.

வந்தது முழுக்க வீண் போகவில்லை. அண்ணன் தன்னுடைய .22 எல்.ஆரையும் எடுத்து வந்திருந்தார். என் மனசு மாறியது அன்றைக்குத்தான். ஒரு தோட்டாவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஈயக் குண்டின் மேல் மெழுகுப் பூச்சு விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. குண்டும் பித்தளைக் கூடும் ஒரே பருமன்; குண்டின் அடிப்பாகம் மட்டும் ஒரு சுற்று மெலிந்து கூட்டுக்குள் இறங்கியிருக்கிறது. சுட்டு முடித்த கூட்டின் விளிம்பில், ஊசி அடித்த இடத்தில், சின்னதாக ஒரு பள்ளம். பற்றவைக்கும் மருந்து அந்த விளிம்பின் மடிப்புக்குள்தான் இருக்கிறது. அதனால் சுட்ட கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்த வழியில்லை. பெரிய ரைஃபிள்காரர்கள் வீட்டிலேயே தோட்டா கட்டிக்கொள்வார்கள். நமக்கு அது கிடையாது. கடையில் என்ன இருக்கிறதோ அதுதான் நம் சாப்பாடு. காலிபரைத் தீர்மானிக்கும்போது இதை மறக்கவே கூடாது.

இந்தக் காரணத்தால்தான் .17 மேக் 2வையும் விட்டேன். 2004இல் வந்த அழகான தோட்டா, நொடிக்கு 2,100 அடி. ஆனால் நான் விசாரித்த கடைகளில் "ஆர்டர் போட்டா வரும்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. .22 மேக்னம் கிடைத்தது. ஆனால் தாளில் சுடுபவர்களுக்கென்று செய்த மேட்ச் (போட்டி) ரகத் தோட்டா அதில் தேடினாலும் அரிது. .22 எல்.ஆரிலோ எலி (Eley), லபுவா, ஆர்.டபிள்யூ.எஸ்., எஸ்.கே. என்ற பிராண்டுகளில் பயிற்சிக்கு ஒரு ரகம், போட்டிக்கு ஒரு ரகம் என வரிசையாக இருக்கிறது.

அன்றைக்குப் பக்கவாட்டில் காற்று வீசிக்கொண்டிருந்தது. 50 மீட்டருக்குச் சரிசெய்த ரைஃபிளில் ஸ்டாண்டர்டு வேகத் தோட்டாவைப் போட்டு 100 மீட்டரில் சுட்டால் குண்டு கிட்டத்தட்ட ஒரு சாண் கீழே இறங்குகிறது. ஸ்கோப்பில் ஏற்றிக்கொண்டால் தீர்ந்தது. காற்று அப்படியில்லை. ஹை வெலாசிட்டி தோட்டாவுக்கு மாறினால் காற்று குறைவாகத் தள்ளும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது நேர்மாறு. ஹை வெலாசிட்டியின் துளைகள் பக்கவாட்டில் இன்னும் அதிகமாகப் பரவின. அண்ணன் விளக்கினார்: ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். ஸ்டாண்டர்டு தோட்டா 325, 330இல் கிளம்பிக் கடைசிவரை அதற்குக் கீழேயே போகிறது. ஹை வெலாசிட்டி 380இல் கிளம்பி, வழியில் ஒலி வேகத்தைத் தாண்டிக் கீழே இறங்கும்போது காற்றின் தடையில் மளமளவென்று வேகத்தை இழக்கிறது. பக்கக்காற்றில் எவ்வளவு விலகும் என்பது பறக்கும் நேரத்தைப் பொறுத்ததல்ல. தடையால் இழந்த நேரத்தைப் பொறுத்தது. 100 மீட்டரில் .17 எச்.எம்.ஆர். விலகுவதற்கும் ஸ்டாண்டர்டு .22 விலகுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் சொன்னார். கடைக்காரர் மூச்சுவிடாமல் சொன்ன 2,550 அடி, எனக்குத் தேவையான இடத்தில் எனக்கு எதுவும் செய்யப் போவதில்லை.

சரி, .22 எல்.ஆர். என்று முடிவானது. அடுத்து ஆபீஸ்.

கடைக்காரர் கொடுத்த ரசீதில் காலிபர் ".22". ரேஞ்ச் சான்றிதழில் "சிறு காலிபர் ரைஃபிள்". விண்ணப்பத்தில் நான் ".22 எல்.ஆர்." என்று எழுதியிருந்தேன். சில வாரம் கழித்து ஃபைல் திரும்பியது. காரணம் ஒரே வரி: "காலிபர் விவரம் தெளிவில்லை." நேரில் போய்க் கேட்டால் கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கடையில கேளுங்க." கடையில் கேட்டால், "எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம், யாரும் திருப்பினதில்லையே." எதில் தெளிவில்லை என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. வேலைக்கு லீவு போட்டு அங்கும் இங்குமாக நடந்ததுதான் மிச்சம்.

இத்தனைக்கும் ஆபீசின் சந்தேகத்தில் உண்மை இருக்கிறது. .22 என்றால் .22 ஷார்ட் உண்டு, 1857இலிருந்து இருக்கிறது. .22 எல்.ஆர். உண்டு. .22 மேக்னம் உண்டு. குண்டின் பருமன் ஏறக்குறைய ஒன்றுதான், தோட்டா உட்காரும் சேம்பர் வேறு. மேக்னத்தின் கூடு நீளமும் அதிகம், பருமனும் அதிகம். மேக்னம் சேம்பரில் எல்.ஆர். தோட்டா தொளதொளவென்று உள்ளே போய்விடும். சுட்டால் பித்தளைக் கூடு உப்பி, கிழிந்து, எரிவாயு பின்னால் முகத்துப் பக்கம் வர வாய்ப்புண்டு. இதைத் தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீர்கள்.

வழிகாட்டியது பக்கத்து கவுன்டரில் இருந்த ஒரு அம்மா. நான் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து ஃபைலை வாங்கிப் புரட்டினார். "பேரல்ல என்ன பொறிச்சிருக்கோ அதை அப்படியே மூணு தாள்லயும் எழுதிக் கொண்டாங்க. ஒரு புள்ளி மாறக் கூடாது." அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். கடைக்குப் போய் ரைஃபிளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். சேம்பருக்கு மேலே குழலில் ".22 எல்.ஆர்." என்று தெளிவாகப் பொறித்திருந்தது. ஃபோட்டோ எடுத்தேன். ரசீதை மாற்றிக் கொடுத்தால்தான் மீதிப் பணம் என்று நின்றேன், முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். ரேஞ்ச் சான்றிதழும் மாறியது. மறுபடி கொடுத்த ஃபைல் ஒரு கேள்வியும் இல்லாமல் போனது.

இதற்கிடையில் பேரல் மாற்றக்கூடிய ரைஃபிள் ஆசையும் வந்தது. சி.இசட். 457 போன்றவற்றில் ஒரே ஆக்‌ஷனில் .22 எல்.ஆர்., .22 மேக்னம், .17 எச்.எம்.ஆர். மூன்றையும் மாற்றிப் பூட்டலாம். ஆனால் பல நாடுகளில் கூடுதல் பேரலுக்கும் தனி அனுமதி வேண்டும். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே விசாரியுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் மறுபடி முதலிலிருந்து வரிசை.

ரைஃபிள் கைக்கு வந்ததும் மொத்தமாகத் தோட்டா வாங்காதீர்கள். ஒவ்வொரு பேரலும் ஒன்றை ஏற்கும், இன்னொன்றைத் துப்பும். ஒரே பிராண்டு, ஒரே டப்பா, லாட் எண் (தயாரிப்புத் தொகுப்பின் எண்) மட்டும் வேறு. அதற்கே துளைக்கூட்டம் விரியும். நாலைந்து ரகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, 50 மீட்டரில் ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். ரகம் மாற்றும்போது முதலில் பத்துப் பன்னிரண்டு தோட்டாக்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். புதுத் தோட்டாவின் மெழுகு குழலுக்குள் படிந்த பிறகுதான் அதன் உண்மையான குணம் தெரியும். இன்னொன்று, 60 கிரெய்ன் கனத்த குண்டு. வழக்கமான .22 குழலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளத்தின் முறுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்தக் குண்டைச் சுழற்ற அது போதாது, தாளில் பக்கவாட்டாக விழும்.

எனக்கு எலி ஒரு லாட்டிலும் எஸ்.கே. ஒரு லாட்டிலும் நன்றாக வந்தன. கடையில் எலியின் அந்த லாட் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. எஸ்.கே.யில் மிச்சமிருந்த அத்தனை டப்பாவையும், லைசென்ஸ் வரம்புக்குள், வாங்கிவிட்டேன். கடைக்காரர் பில்லில் இந்த முறை தானாகவே ".22 எல்.ஆர்." என்று எழுதினார்.