நாற்சார் வீட்டின் நாலு மூலை

நாற்சார் வீட்டை, அதாவது நடுவில் திறந்த முற்றமும் அதைச் சுற்றி நாலு பக்கமும் கட்டும் உள்ள பழைய வீட்டை, திருத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் சுவரில்தான் தொடங்குகிறார்கள். பூச்சு உதிர்வது கண்ணில் படும், உடனே மேசனுக்குச் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன்னர் முற்றத்தில் இறங்கி மேலே பாருங்கள். இரண்டு பக்கக் கூரைத் தண்ணீரும் ஒன்றுசேர்ந்து இறங்கும் மூலைகள் நாலு. யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டிவிடும். மூலைகளில் சேரும் வெள்ளத்தை இந்த நாலு மூலைப் பீலிகள்தான், அதாவது தகட்டால் செய்த தண்ணீர்த் தாரைகள்தான், கடத்தவேண்டும்.

பழைய பீலித் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும், அல்லது வேப்பஞ்சருகு அடைத்துத் தண்ணீர் ஓட்டுக்கு அடியால் ஏறும். சீமெந்து பூசி ஓட்டையை அடைப்பது பலன் தராது. வெயிலுக்கும் மழைக்கும் மரம் அசையும், சீமெந்து வெடிக்கும், வெடிப்புக்குள் நின்ற தண்ணீர் நேரே ஓட்டைத் தாங்கும் கைமரத்தில் இறங்கும். இரண்டடி அகலத் தகடு போடுங்கள். நடுவில் ஆறு அங்குலம் திறந்திருக்க, இரு பக்கமும் ஒன்பது அங்குலம் ஓட்டுக்கு அடியில் போகட்டும். தகட்டின் ஓரங்களை அரை அங்குலம் மேல்நோக்கி மடித்துவிட்டால் பெருமழையிலும் தண்ணீர் பக்கவாட்டில் வழியாது. கீழ்த்தகட்டை முதலில் வைத்து, மேல்த்தகடு அதன்மேல் ஆறு அங்குலம் ஏறி நிற்கவேண்டும். ஆணி ஓரத்தில் மட்டும். தண்ணீர் ஓடும் இடத்தில் ஒன்றுகூட வேண்டாம்.

தகட்டைக் கழற்றியதும் மூலைக் கைமரத்தைக் கூரான கம்பியால் குத்திப் பாருங்கள். கைமரம் பனையானால் வெளிப்புறம் கறுத்த வைரம், உள்ளே மெதுவான சோறு. கறையான் சோற்றைத் தின்று வைரத்தை விட்டுவைக்கும். அதனால் கண்ணுக்கு நல்ல மரம், தட்டினால் வெற்றுச் சத்தம். பெரும்பாலும் சுவருக்குள் புதைந்த நுனிதான் உக்கியிருக்கும். அதற்காக முழுமரத்தையும் கழிக்கவேண்டாம். உக்கியதை வெட்டிவிட்டு, மூன்றடி நல்ல மரத்தோடு ஒட்டி நிற்கும்படி புதுத் துண்டைப் பக்கத்தில் சேர்த்து, துருப்பிடிக்காத அரை அங்குல போல்ட் மூன்று போடுங்கள். கடற்காற்றில் சாதாரண இரும்பு நிலைக்காது. துளை போடாமல் வைரத்தில் ஆணி அடித்தால் மரம் பிளக்கும். புதுப்பனை தறிப்பதற்கு அனுமதி வேண்டும், ஆகவே இடித்த வீடுகளின் மரத்தைத் தேடுவதே சுகம்.

கள்ளிக்கோட்டை ஓடு நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 140 பிடிக்கும். புது ஓட்டின் பள்ளம் பழையதோடு பொருந்தாது. கலந்து போட்டால் இடைவெளியால் ஒழுகும். முழுசாகக் கிடைத்த பழைய ஓடுகளை முற்றப் பக்கத்துக்கும் முன்பக்கத்துக்கும் ஒதுக்கி, புதியதைப் பின்பக்கம் தனியாகப் போடுங்கள். இந்த வேலை புரட்டாதிக்கு முன் முடியவேண்டும்.

இனிச் சுவர். முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புக்கல்லும் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும். மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபடும், உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, ஒருநாள் பூச்சு கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். வெற்றுச் சத்தம் கேட்கும் இடமெல்லாம் உளியும் சுத்தியலுமாகக் கொத்தி எடுங்கள். மெஷின் வைத்து உடைத்தால் முருகைக்கல் நொறுங்கும். கரையோரத்தில் புதிதாக அகழ்வது சட்டப்படி தடை, எனவே கழற்றிய கல் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். கொத்திய சுவரை ஒரு மாரி முழுதும் திறந்துவிட்டு, வாடைக்காற்றுச் சாரல் படும் பக்கத்துக்கு மட்டும் பின்னிய தென்னோலைக் கிடுகு கட்டி மறையுங்கள். பூச்சு தை, மாசியில். தென்மேற்குக் காற்று வீசும் சோளகத்தில் பூசினால் இறுகும் முன்னரே காய்ந்து பொடியாகும்.

சுண்ணாம்பை மூன்று மாதம் முன்னரே நீற்றிவிடவேண்டும். தண்ணீரில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், கல்லின்மேல் தண்ணீர் ஊற்றவேண்டாம். கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். அரித்தெடுத்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க மூடிவைத்தால் நாளடைவில் வெண்ணெய்போல வரும். கரண்டியால் வெட்டும்போது நறநறவென்று கல் தட்டக்கூடாது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். மணலும் தண்ணீரும் உப்பில்லாதவையாக இருக்கவேண்டும்: உவர்க் கிணற்றுத் தண்ணீரில் குழைத்தால் நீக்கிய உப்பை நாமே திரும்பப் பூசுகிறோம். சிலர் பனங்கட்டி கரைத்த தண்ணீர் சேர்ப்பார்கள். பழைய வழக்கம், சாந்து நன்றாக வசப்படும்.

சுவரை முதல்நாளே நனைத்து, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் ஏற்றாமல் பூசுங்கள். தடித்தால் வெடிக்கும். அடுத்த பூச்சுக்குப் பத்து நாள் இடைவெளி. அதுவரை ஈரச்சாக்கு தொங்கவிட்டுக் காலையும் மாலையும் தெளிக்கவேண்டும். நிறத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளைதான். பிளாஸ்டிக் பெயின்ற் அடித்தால் மறுபடியும் ஈரம் அடைபடும்.

முற்றத்துக்குச் சீமெந்து போட ஆசைப்படுபவர்களிடம் கெஞ்சிக் கேட்கவேண்டியிருக்கிறது. நிலமட்டம் உயர்ந்து, தண்ணீர் வெளியேறும் வாய்க்கால் பள்ளமாகி அடைபட்டு, ஈரம் திண்ணைச் சுவரில் ஏறும். முதுசொம், அதாவது பரம்பரைச் சொத்து, பிரிக்கும்போது முற்றத்துக்குக் குறுக்கே மதில் எழுப்பும் வீடுகளிலும் இதே கதி. மதில் தவிர்க்கமுடியாது என்றால், அடியில் ஓர் அடி அகலத் தண்ணீர் வாசலாவது விடுங்கள், ஐப்பசி பிறக்குமுன் சருகை அள்ளிவிட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பாருங்கள்.