தெருவில் இருக்கும் பிள்ளைகளிடம் போகிறவர்களுக்கு

புதுச்சேரியில் தெருவோடு இருக்கும் பையன்களைச் சந்திக்கக் கிளம்பினால், கிழமையும் நேரமும் இடமும் மாறவே கூடாது. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஏழு மணி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் என்றால், மழை கொட்டினாலும் அங்கேதான் நிற்கணும். பிஸ்கட் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம் தலைகாட்டாத ஆட்களை இந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. அந்தப் பகுதியில் ரோந்து வரும் பீட் போலீஸுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள். ஆனால் பையன்கள் கண்ணெதிரே அவர்களோடு நின்று பேசினால், 'இன்ஃபார்மர்' என்று ஒதுக்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சுமை தூக்கினால் காசு, அன்றைக்கு யாரும் பேச நிற்க மாட்டார்கள்.

முதல் மாதம் குறிப்பெடுக்கும் நோட்டு வேண்டாம். 'ஏன் வீட்டை விட்டு வந்தே' என்ற கேள்வியும் வேண்டாம். பேச்சைத் தொடங்கப் பெரும்பாலும் காலில் இருக்கும் காயமே போதும். பையில் சோப்பு, இரண்டு லிட்டர் தண்ணீர், காஸ் துணி, பிளாஸ்டர், ஓ.ஆர்.எஸ். வைத்திருங்கள். நாய்க்கடி என்றால் பக்கத்துக் குழாயில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவணும். கடித்த இடத்தில் சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ வைத்திருந்தால் அதையும் கழுவிவிடுங்கள். அன்றைக்கே ஜி.எச்.சுக்குக் கூடவே போங்கள். தனியாக அனுப்பினால் ஓ.பி. சீட்டு வரிசையிலேயே திரும்பிவிடுவான். தோலில் போடும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி 0, 3, 7, 28-ஆம் நாட்களில். நான்கு முறை அவனைப் பார்க்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

போதைக்காகப் பஞ்சர் சொல்யூஷன் (டியூப் ஒட்டும் பசை) மோந்திருக்கும் பையனை ஒருபோதும் துரத்தாதீர்கள், அதட்டாதீர்கள், பின்னாலிருந்து பிடிக்காதீர்கள். அதிலிருக்கும் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். அந்த நேரத்தில் பயமும் ஓட்டமும் சேர்ந்தால் இதயம் நின்றே போகலாம், முதல் முறை மோந்தவனுக்கும்கூட. காற்றோட்டமாக உட்கார வையுங்கள். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். புத்திமதி எல்லாம் மறுநாள். பசியை அடக்கத்தான் பலர் மோப்பார்கள் என்பதால் அந்தப் பேச்சையும் சாப்பாட்டோடு வைத்துக்கொள்வதே சரி.

'நீ சொல்றதை யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுப்பது பெரிய தப்பு. பதினெட்டு வயதுக்குக் கீழே பாலியல் கொடுமை என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் சொல்லியே ஆகணும். பிறகு வாக்கை மீறினால் அவன் மட்டுமல்ல, அவன் கூட்டாளிகள் அத்தனை பேரும் விலகிவிடுவார்கள். 'உனக்கு ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும் தம்பி, ஆனா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆதரவில்லாமல் தனியாக இருக்கும் சிறுவன் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமுன் நிறுத்தணும், பயண நேரம் அதில் சேராது. கடலூர்ப் பையன் என்றால் விசாரணைக்குப் பிறகு அங்குள்ள குழுவுக்கு மாற்றலாம். மாநில எல்லை தாண்டுவதால் இழுக்கும். அதற்குள் அவன் பஸ் ஏறிவிடாமல் இருக்க, எங்கே போகிறான், அங்கே யார் வருவார்கள் என்று தெரிந்த முகம் ஒன்று நேரில் சொல்லணும். கடலூரில் அவனைப் பார்க்க வரப்போகிற ஊழியரின் நம்பரைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். போன் இரண்டு நாளில் கைமாறிவிடும்.