எல்லை தாண்டும் சரஸ்வதி

நவராத்திரிக்கு முன்பு சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை அம்மன் பல்லக்கில் கிளம்பி, திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரம் வருவாள். வேளிமலை முருகனும் வந்து சேர்வார். மறுநாள் அங்கே அரண்மனைக்குள் கோயில் கொண்டிருக்கும் தேவாரக்கட்டு சரஸ்வதி யானை மேல் ஏற, மூவரும் திருவனந்தபுரம் புறப்படுவார்கள். கம்பர் பூசித்த சரஸ்வதி என்பது ஊர் வழக்கு. இந்த வருஷம் நானும் கூடவே நடந்தேன்.

முன்னால் போவது சாமி அல்ல, திருவிதாங்கூர் மன்னரின் உடைவாள். அரண்மனை உப்பரிகை மாளிகையில் வாள் கைமாறும்போது கேரள, தமிழகப் போலீஸ் இரண்டும் அணிவகுத்து நின்றன. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டு மண்ணில். நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். சாவி அங்கே, கதவு இங்கே!

பாண்டியர், சோழர், வேணாட்டார் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்த நாடு இது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்ற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, 1750-இல் ராஜ்யத்தையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது. நவராத்திரிக் கொலுவும் பின்னாலேயே போனது. அதனால்தான் இந்த நடை.

வழிநெடுக வாசல்களில் குத்துவிளக்கு, பூ, பழத்தட்டம். மார்த்தாண்டம் நெருங்கும்போது மனம் கொஞ்சம் கனத்தது. அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தாய்த் தமிழகத்தோடு சேரக் கேட்டவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று இங்கேயும் புதுக்கடையிலும்தான் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு வருஷம் கழித்து, நவம்பர் 1 அன்று, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின.

குழித்துறையில் இரவுத் தங்கல். திண்ணையில் இடம் கொடுத்த பாட்டாவுக்கு எண்பது தாண்டியிருக்கும்.

"நான் பொறந்தது திருவிதாங்கூர்ல, பள்ளிக்கூடம் போனது திரு-கொச்சியில, கல்யாணம் கழிச்சது மெட்ராஸ் ஸ்டேட்ல. வீடு மட்டும் இதேதான் மக்கா" என்றார்.

"சாமிக்கு?"

"சாமிக்கு என்னலே கணக்கு? வருஷா வருஷம் போவும், வரும்."

மறுநாள் களியக்காவிளையில் தமிழகப் போலீஸ் நின்றுகொண்டது, கேரளப் போலீஸ் சேர்ந்துகொண்டது. அந்தப் பக்கத்து வாசல்களிலும் அதே குத்துவிளக்கு, அதே தட்டம். சரஸ்வதி கோட்டைக்ககம் மண்டபத்துக்கும், முருகன் ஆரியசாலைக்கும், அம்மன் செந்திட்டைக்கும் போவார்கள். என் கால் கொப்புளம் அதற்கு மேல் விடவில்லை. நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, இலையில் மடித்துத் தந்த களபச் சந்தனம் இன்னும் ஈரமாகவே இருந்தது.