எட்டு கிரெடிட்டில் போன தேர்வு

ஸ்டோரேஜ் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வு முதல் தடவை எனக்குக் கைகொடுக்கவில்லை. படிக்காமல் போகவில்லை. சர்வரையும் டிஸ்க் பெட்டியையும் இணைக்கும் ஃபைபர் சேனலின் வேகம் 8, 16, 32 ஜிபி (நொடிக்கு ஜிகாபிட்), அதே வேலையைச் சாதாரண நெட்வொர்க் வழியே செய்யும் ஐஸ்கசிக்கு போர்ட் 3260 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கவிழ்த்தது இந்த மாதிரிக் கேள்விகள்தான்: இரண்டு டேட்டா சென்டர், நடுவே 10 கிலோமீட்டர் ஃபைபர், 8 ஜிபி லிங்க், போர்ட்டில் 8 பஃபர் கிரெடிட் (பதிலுக்குக் காத்திராமல் எத்தனை பிரேம், அதாவது டேட்டாப் பொட்டலம், அனுப்பலாம் என்ற கணக்கு). எர்ரர் ஒன்றுகூட இல்லை, ஆனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான். ஏன்? கேபிள் பழுது என்று டிக் அடித்துவிட்டு வந்தேன். எர்ரரே இல்லை என்று கேள்வியிலேயே போட்டிருந்தான்!

இணையத்தில் டேட்டாவைக் கொண்டுபோகும் டிசிபி அனுப்பிப் பார்க்கும். தொலைந்தால் மறுபடி அனுப்பும். ஃபைபர் சேனலில் எதிர்முனையில் இடம் இருப்பது தெரியாமல் ஒரு பிரேம்கூடக் கிளம்பாது. கோலி சோடா கணக்குதான். கடைக்காரர் 8 பெட்டி வரை வெளியே விடுவார்; காலிப் பெட்டி ஒன்று திரும்பினால்தான் அடுத்தது போகும். பெட்டிதான் பிரேம். அந்தக் காலிப் பெட்டிக்கு, அதாவது 'இடம் காலி' என்று எதிர்முனை அனுப்பும் சைகைக்கு, ஃபைபர் சேனலில் பெயர் ஆர்-ரெடி.

இப்போது கணக்கு. ஒளி ஃபைபரில் ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோசெகண்ட். 10 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100. முழு அளவு பிரேம் 2148 பைட். 8 ஜிபியில் அதை வெளியே தள்ள ஏறக்குறைய இரண்டரை மைக்ரோசெகண்ட். ஆக, முதல் ஆர்-ரெடி வந்து சேர்வதற்குள் 40 பிரேம் போயிருக்கலாம். கையில் 8 கிரெடிட் இருந்தால் எட்டை அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஐந்தில் ஒன்று! இதை நானே தாளில் போட்டுப் பார்த்த அன்றுதான் பாடம் மண்டையில் ஏறியது.

அதன்பிறகு எந்த புரோட்டோகாலை எடுத்தாலும் 'நிறுத்து என்று யார் சொல்கிறார்?' என்பதைத்தான் முதலில் தேடினேன். எஃப்சிஓஇ (ஃபைபர் சேனல் பிரேமையே சுமந்து போவது) ஈதர்நெட்டில் ஓடுவதால் அதற்குக் கிரெடிட் கிடையாது. பஃபர் நிரம்பப் போகும்போது வாங்குகிறவர் 'கொஞ்சம் நில்' என்னும் பாஸ் பிரேம் அனுப்பி அந்த ஒரு வகை டிராஃபிக்கை மட்டும் நிறுத்துவார். ஃபிளாஷ் டிஸ்க்குகளுக்கான என்விஎம்இ ஃபைபர் சேனல்மேல் போனாலும் அதே கிரெடிட்தான். டிஸ்க்கோடு பேசும் பழைய ஸ்கசி கமாண்டுக்குப் பதில் என்விஎம்இ கமாண்ட், அவ்வளவே.

ஃபைபர் சேனல் லாகின் வரிசையை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை: ஃப்ளோகி (ஸ்விட்ச் நெட்வொர்க்கில் நுழைவது), ப்ளோகி (எதிர் போர்ட்டோடு), ப்ரிலி (ஸ்கசி போன்ற மேல் புரோட்டோகாலுக்கு). ஃப்ளோகி போய்ச் சேரும் முகவரி ஐந்து எஃப், கடைசியில் இ. யார் எங்கே இருக்கிறார் என்று சொல்லும் நேம் சர்வருக்குக் கடைசியில் சி. சர்வர் ஃப்ளோகி முடித்தும் டிஸ்க் தெரியவில்லை என்றால் எது எதைப் பார்க்கலாம் என்று ஸ்விட்ச்சில் போடும் ஜோனிங்கைப் பாருங்கள்.

வீட்டில் ஃபைபர் சேனல் லேப் போடுவது காசுக்குக் கேடு. லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின் இரண்டில் ஐஸ்கசி டார்கெட்டும் (டிஸ்க் தருவது) இனிஷியேட்டரும் (டிஸ்க் கேட்பது) போட்டு, பெரிய ஃபைல் ஒன்றை எழுதிக்கொண்டே நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் வயர்ஷார்க்கில் பாருங்கள். 'இவ்வளவு டேட்டா அனுப்பலாம்' என்று டார்கெட் கூப்பிடும் ஆர்2டி கண்ணில் படும். டிசிபிக்கு மேலேயும் இப்படி ஒரு அனுமதிச் சீட்டு இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டாம் தடவை தேர்வறையில் கொடுத்த பலகையில் கேள்வியைத் திறக்கும் முன்பே எழுதி வைத்தேன்: 8 ஜிபி, 1 கிலோமீட்டர், 4 கிரெடிட்.